ஒப்பிக்கத் தெரிந்த சொல் எழுத்தில் ஏன் வருவதில்லை?

நீங்கள் கேட்டதை முதலில் என் சொற்களில் திருப்பிச் சொல்கிறேன். தவறாகப் புரிந்துகொண்டிருந்தால் திருத்துங்கள். உங்கள் மகளுக்கு ஒன்பது வயது. தேவதைக் கதைகளில் வரும் வர்ணனைச் சொற்கள் என்று அறுபது சொற்கள் கொண்ட தாள் ஒன்றைப் பள்ளியில் கொடுத்திருக்கிறார்கள். பாழடைந்த, அடர்ந்த, வஞ்சகமான, எழில்மிகு என்று போகிறது அந்தத் தாள். பொருள் கேட்டால் தடங்கல் இல்லாமல் சொல்கிறாள். கதை எழுது என்றால் மட்டும், "ஒரு அழகான இளவரசி ஒரு பெரிய காட்டில் ஒரு கெட்ட சூனியக்காரியைப் பார்த்தாள்" என்பதோடு பேனாவை வைத்துவிடுகிறாள். அறுபது சொற்களையும் எந்த வரிசையில், வாரத்துக்கு எத்தனை வீதம் கற்றுக்கொடுப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். உங்களை உண்மையில் உறுத்துவது அதுவல்ல என்று நினைக்கிறேன். தெரிந்த சொல் எழுதும்போது ஏன் வருவதில்லை என்பதுதான் உங்கள் கேள்வி. அதற்கு விடை கிடைத்துவிட்டால் வாரக் கணக்கு தேவைப்படாது.

நான் தொடக்கப் பள்ளியில் வெகுகாலம் தமிழ் சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்றவள். ஆய்வாளர் அல்லள். வகுப்பறையில் திரும்பத் திரும்பப் பார்த்ததையும், படித்து உறுதிசெய்துகொண்டதையும் தனித்தனியாகச் சொல்ல முயல்கிறேன்.

பொருள் தெரிவதும் பயன்படுத்தத் தெரிவதும் வேறு வேறு. பருமனைச் சொல்லத் தமிழில் எத்தனை சொற்கள் இருக்கின்றன என்று பாருங்கள். அடிமரம் பருத்திருக்கும், ஆடு கொழுத்திருக்கும், கம்பு தடித்திருக்கும், மூட்டை கனத்திருக்கும், கன்னம் உப்பியிருக்கும். சொற்பட்டியலில் இவை எல்லாவற்றுக்கும் நேரே 'பெரிய' அல்லது 'குண்டான' என்று எழுதி முடித்துவிடலாம். அந்தப் பட்டியலைப் படித்த பிள்ளை 'கொழுத்த மரம்' என்று எழுதும். அடர்ந்த என்றால் நெருக்கமான என்று படித்த பிள்ளை 'அடர்ந்த மழை' என்று எழுதும். பழைய, முதிய இரண்டும் ஒன்று என்று படித்த பிள்ளை 'முதிய வீடு' என்று எழுதும். ஆசிரியர் சிவப்பு மையால் சுழித்துவிடுவார். இரண்டு முறை அப்படிச் சுழிபட்ட பிள்ளை மூன்றாம் முறை 'பெரிய' என்றே எழுதிவிடும், ஏனென்றால் அதை யாரும் தவறு என்று சொல்வதில்லை. உங்கள் மகள் சோம்பலினால் 'அழகான', 'பெரிய', 'கெட்ட' என்று எழுதுகிறாள் என்று நான் நினைக்கவில்லை. ஆபத்தில்லாத சொற்களாகப் பொறுக்குகிறாள், அவ்வளவுதான்.

ஆகவே முதல் வேலை, அந்தத் தாளில் இருக்கும் சொற்களைத் தனியே நிற்க விடாமல் அவை இயல்பாகச் சேரும் பெயரோடு சேர்த்து எழுதுவது. பாழடைந்த மண்டபம், அடர்ந்த காடு, செங்குத்தான பாறை, வற்றாத ஊற்று, தீராத பசி, தள்ளாத வயது, ஆழ்ந்த உறக்கம். பொருளை எழுதவே வேண்டாம். இரண்டு சொல்லாகச் சேர்த்துப் பத்து முறை காதில் விழுந்தால், பாழடைந்த என்ற சொல்லைக் கேட்டதும் மண்டபமும் கோயிலும் கிணறும் தாமாக வரும். பாழடைந்த சட்டை என்று எழுதத் தோன்றாது.

இப்படி எழுதிப் பார்த்தால் இன்னொன்றும் கண்ணில் படும். எனக்கு இதுதான் முக்கியமானது. மேலே சொன்ன சொற்களில் பாதிக்கு மேல் வினையிலிருந்து பிறந்தவை. மண்டபம் பாழடைந்தது, அதனால் பாழடைந்த மண்டபம். ஊற்று வற்றவில்லை, அதனால் வற்றாத ஊற்று. பசி தீரவில்லை, அதனால் தீராத பசி. இலக்கணத்தில் பெயரெச்சம் என்று பெயர் சொல்லி, எடுத்துக்காட்டு எழுத வைத்து, மதிப்பெண் போட்டு, மறந்துவிடுகிறோம். நல்ல, பெரிய, சிறிய, புதிய, கரிய போன்ற சொற்கள் தமிழில் அதிகம் இல்லை. அதற்கு வெளியே, அழகு, வஞ்சகம், பயங்கரம் போன்ற பெயர்களோடு 'ஆன' சேர்த்துச் சொல்கிறோம். இல்லாவிட்டால் ஒரு வினையைப் பெயருக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்துகிறோம். இந்த இரண்டாவது வழிக்கு எல்லையே இல்லை. 'மூன்று தலைமுறையாக யாரும் திறக்காத கதவு' என்பது ஒரு வர்ணனை. அதில் கடினமான சொல் ஒன்றுகூட இல்லை; ஒன்பது வயதுக் குழந்தைக்குத் தெரியாத சொல்லும் இல்லை. ஆனால் 'பழமையான கதவு' என்பதைவிட அதில் கதை அதிகம் இருக்கிறது. பள்ளியில் கொடுக்கப்படும் பட்டியல்கள் பல ஆங்கிலப் பாடத்தின் பட்டியலைப் பார்த்துச் செய்தவை என்று எனக்குத் தோன்றுகிறது. அதனால்தான் அவற்றில் 'ஆன' என்று முடியும் சொற்கள் வரிசையாக நிற்கின்றன. அழகான, அற்புதமான, விசாலமான, பிரம்மாண்டமான என்று நான்கைச் சேர்த்து எழுதிய ஒரு பத்தியை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள், காது சலித்துவிடும்.

இனி தேவதைக் கதைக்கு வருவோம். இந்தக் கதைகள் வர்ணனைச் சொற்களின் களஞ்சியம் என்று பலரும் நம்புகிறார்கள். நாட்டுப்புறத்திலிருந்து நேராக வந்த கதைகளைப் பொறுத்தவரை அது சரியல்ல. ஐரோப்பிய நாட்டார் கதைகளின் நடையை ஆராய்ந்த சுவிட்சர்லாந்து அறிஞர் மாக்ஸ் லூதி 1947-இல் வெளியிட்ட நூலில், இந்தக் கதைகள் பொருள்களை வர்ணிப்பதைவிடப் பெயர் சொல்லிவிட்டு நகர்வதையே வழக்கமாகக் கொண்டிருப்பதை எடுத்துக்காட்டினார். காடு என்றால் காடு. அதில் என்ன மரங்கள் என்று கதைக்குக் கவலை இல்லை. அடைமொழி கொடுத்தால் பொன், வெள்ளி, சிவப்பு, கறுப்பு, வெள்ளை என்று ஓங்கி ஒலிக்கும் சில சொற்களோடு நிறுத்திக்கொள்ளும்.

ஜெர்மனியின் கிரிம் சகோதரர்கள் தொகுத்த தவளை இளவரசன் கதை நல்ல எடுத்துக்காட்டு. தொகுப்பின் முதல் பகுதி 1812-இல் வந்தது. அதில் கதை இப்படித் தொடங்குகிறது: ஒரு அரசகுமாரி இருந்தாள், அவள் காட்டுக்குள் போய்க் குளிர்ந்த ஊற்று ஒன்றின் அருகே உட்கார்ந்தாள், அவளிடம் ஒரு பொன் பந்து இருந்தது. குளிர்ந்த, பொன், அவ்வளவுதான் வர்ணனை. பிறகு தம்பி வில்ஹெல்ம் பதிப்புக்குப் பதிப்பு மெருகேற்றிக்கொண்டே போனார். 1857-இல் வந்த ஏழாம் பதிப்பில் அதே தொடக்கம் வளர்ந்துவிட்டது. அரசருக்குப் பல மகள்கள், எல்லாரும் அழகு. கடைக்குட்டியோ எவ்வளவு அழகு என்றால், எத்தனையோ பார்த்துவிட்ட சூரியனே அவள் முகத்தில் ஒளி விழும்போதெல்லாம் வியந்துபோனது. அரண்மனைக்குப் பக்கத்தில் பெரிய இருண்ட காடு, அந்தக் காட்டில் ஒரு பழைய மரத்தடியில் ஊற்று என்று மேலும் போகிறது.

இரண்டையும் உங்கள் மகளுக்குப் படித்துக் காட்டுங்கள். இருண்ட காடு, பழைய மரம் என்பவை வந்தது தெரியாமல் போய்விடும். சூரியன் வியந்தது என்பதை அவள் மறக்கமாட்டாள். அங்கே அழகு என்ற சாதாரணச் சொல்லைத் தவிர வேறு அடைமொழி எதுவும் இல்லை. சூரியன் ஒரு காரியம் செய்கிறது, அதுவே வர்ணனை ஆகிவிடுகிறது. தமிழில் வினையிலிருந்து வர்ணனை பிறக்கிறது என்று மேலே சொன்னேன் அல்லவா, நல்ல கதையிலும் அப்படித்தான். 'அழகான' என்று எழுதிவிட்டு விழிக்கும் குழந்தையிடம் "அதைவிட நல்ல சொல் சொல்லு" என்று கேட்பதைவிட, "அவளைப் பார்த்தவர்கள் என்ன செய்தார்கள்?" என்று கேளுங்கள். பதில் வந்துவிடும். "தண்ணீர் சுமந்து வந்த கிழவி குடத்தைக் கீழே போட்டுவிட்டாள்" என்று என் வகுப்பில் ஒரு சிறுமி எழுதினாள். அவள் மற்றப் பாடங்களில் பின்தங்கியவள் என்று பெயர் வாங்கியவள்.

கதைகளில் வரும் அடைமொழிகளில் வெறும் அலங்காரமாக நிற்பவை உண்டு, கதையைத் தூக்கி நிறுத்துபவை உண்டு. ஸ்னோ ஒயிட் கதையில் அரசி கொண்டுவரும் ஆப்பிள் வெண்மையாகவும் ஒரு பக்கம் சிவந்தும் இருக்கிறது. சிவந்த பாதியில் மட்டுமே நஞ்சு. வெள்ளைப் பாதியை அரசியே தின்று காட்டுகிறாள், அதை நம்பித்தான் பெண் சிவந்த பாதியைக் கடிக்கிறாள். சிவந்த என்ற சொல்லை எடுத்துவிட்டால் அந்தச் சூழ்ச்சியே இல்லை. பாட்டியைப் போல வேடமிட்ட ஓநாயைச் சிறுமி கேள்வி கேட்கும் சிவப்புத் தொப்பிக் கதையில் 'பெரிய' என்ற எளிய சொல் காதுக்கு, கண்ணுக்கு, கைக்கு என்று திரும்பத் திரும்ப வந்து, வாய்க்கு வரும்போது 'பயங்கரமாகப் பெரிய' என்று ஆகிறது. அங்கே குழந்தை கதை சொல்பவரை ஒட்டிக்கொண்டு உட்காரும். அரிய சொல்லுக்குத் தேவையே இல்லாத இடம் அது. படிக்கும்போது ஏதாவது ஒரு வர்ணனைச் சொல்லை விரலால் மறைத்து, இது இல்லாவிட்டால் கதை நடக்குமா என்று அவளிடம் கேட்டுப் பழக்குங்கள். எந்தச் சொல்லுக்கு நடக்காது என்று பதில் வருகிறதோ அதையே கற்றுக்கொடுங்கள். நடக்கும் என்றால் விட்டுவிடலாம்; 'எழில்மிகு' பெரும்பாலும் அப்படி விடவேண்டிய சொல்தான்.

நம் ஊர்க் கதைகளில் வர்ணனை வேறு வழியில் வருகிறது. அரக்கனின் உயிர் எங்கே இருக்கிறது? ஏழு கடல் தாண்டி, ஏழு மலை தாண்டி, அங்கே ஒரு குகை, குகைக்குள் ஒரு கூண்டு, கூண்டுக்குள் ஒரு கிளி. தொலைவு, மிகத் தொலைவு என்று ஒரு சொல்லும் இல்லாமல் தொலைவைக் காட்டிவிடுகிறார்கள். ஒலிக்கும் தனி இடம் உண்டு. ஓடை சலசலக்கும், இறக்கை படபடக்கும், சருகு சரசரக்கும், பொன் தகதகக்கும், தாகத்தில் தண்ணீரை மடமடவென்று குடிப்பான். இரட்டைக்கிளவியை மதிப்பெண் கேள்வியாக மட்டும் பார்த்து ஒதுக்கிவிட்டோம். தமிழ்க் குழந்தைக்கு மிக விரைவில் கைவரும் வர்ணனை அதுதான் என்பது என் அனுபவம். எந்த ஒலி எந்தப் பொருளுக்கு என்பதில் அவர்கள் தவறுவதும் குறைவு, ஏனென்றால் அது வீட்டுப் பேச்சிலேயே இருக்கிறது. அம்புலிமாமா படித்து வளர்ந்தவர்களைக் கேட்டால், வேதாளக் கதைகளின் தொடக்கத்தில் மாதந்தோறும் வந்த 'சற்றும் மனம் தளராத' என்ற தொடரைத் தூக்கத்திலும் சொல்வார்கள். அதற்கு யாரும் பொருள் எழுதி மனப்பாடம் செய்யவில்லை. மரத்தில் ஏறி, உடலை இறக்கி, தோளில் போட்டு, மறுபடி ஏறும் மனிதனோடு சேர்ந்தே அந்தச் சொல் உள்ளே போனது.

ஆய்வுகள் சொல்வதில் உறுதியாகத் தெரிந்தவற்றை மட்டும் தருகிறேன். நியூசிலாந்தில் வார்விக் எல்லி என்பவர் ஏழு, எட்டு வயதுப் பிள்ளைகளுக்கு ஆசிரியர்களைக் கொண்டு கதைகளை உரக்கப் படித்துக் காட்டிச் சோதித்த முடிவுகளை 1989-இல் வெளியிட்டார். விளக்கம் எதுவும் இல்லாமல் படித்துக் காட்டியபோதே சொல்லறிவு சுமார் 15 சதவீதம் கூடியது. படிக்கும்போதே புதிய சொல்லுக்குச் சுருக்கமாக விளக்கம் சொன்னபோது அது சுமார் 40 சதவீதம் வரை போனது. படித்துக் காட்டுவது பயன் தரும், நடுவே ஒரு வரி விளக்கம் இன்னும் பயன் தரும் என்ற வரையில் இதை ஐயமின்றி எடுத்துக்கொள்ளலாம். இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் 2011-இல் வந்த ஓர் ஆய்வில், ஒரே கதையைத் திரும்பத் திரும்பக் கேட்ட குழந்தைகள், அதே சொற்களை வெவ்வேறு கதைகளில் கேட்ட குழந்தைகளைவிட அவற்றை நன்றாக நினைவில் வைத்திருந்தார்கள். ஆனால் அந்தக் குழந்தைகளுக்கு மூன்று வயது. ஒன்பது வயதுக்கும் அது அப்படியே பொருந்தும் என்று நான் அடித்துச் சொல்லமாட்டேன். இரண்டு ஆய்வும் ஆங்கிலத்தில் நடந்தவை என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். 'வற்றாத' என்ற சொல்லுக்குள் 'வற்று' ஒளிந்திருப்பதைப் போன்ற வசதி தமிழ்க் குழந்தைக்குக் கூடுதலாக உதவும் என்பது என் ஊகம், ஆய்வு முடிவல்ல.

எந்தச் சொற்களைத் தேர்ந்தெடுப்பது என்பதற்கு அமெரிக்கக் கல்வியாளர் இசபெல் பெக்கும் அவருடைய கூட்டாளிகளும் 2002-இல் ஒரு நூலில் விரித்துச் சொன்ன கருத்து எனக்கு மிகவும் உதவியது. எல்லாருக்கும் தெரிந்த அன்றாடச் சொல்லும் வேண்டாம், ஒரு துறைக்கு மட்டும் உரிய சொல்லும் வேண்டாம். பல இடங்களில் பயன்படும் நடுத்தரச் சொற்களில் உழைப்பைப் போடுங்கள் என்பது அதன் சாரம். அரியணையும் மந்திரக்கோலும் கதையோடு நின்றுவிடும். பிடிவாதமான, நன்றிகெட்ட, களைத்துப்போன, தயங்கித் தயங்கி, ஏமாந்த, வாக்குத் தவறிய ஆகியவை கதையிலிருந்து வீட்டுக்கும், வீட்டிலிருந்து பள்ளிக்கும், பிறகு அவள் எழுதும் எதற்குள்ளும் போகும். அறுபதில் இப்படிப்பட்டவை பதினைந்து தேறினால் அதிகம்.

நடைமுறையில் நான் செய்யச் சொல்வது இதுதான். கதையை நீங்களே உரக்கப் படியுங்கள், அவளைப் படிக்கச் சொல்லாதீர்கள். எழுத்துக் கூட்டும் சுமை இருக்கும்போது சொல்லின் சுவை தெரியாது. ஒரு கதைக்கு மூன்று சொல் போதும். அந்த இடத்தில் படிப்பை ஒரு வரிக்கு மேல் நிறுத்தாதீர்கள். இரண்டு நாள் கழித்து அதே கதையை மறுபடியும் படியுங்கள். இடையில் அந்தச் சொற்களை வீட்டுப் பேச்சில் நீங்கள் பயன்படுத்துங்கள், "இந்தத் தீராத பசிக்கு இன்னும் இரண்டு தோசை போதுமா?" என்று. கேலியாக இருந்தாலும் பரவாயில்லை. பிறகு கதையை அவள் வாயால் சொல்லட்டும். சொல்லும்போது அந்தச் சொல் தானாக வந்தால்தான் எழுத்திலும் வரும். எழுத்து கடைசிப் படி. எழுதும்போது 'ஐந்து வர்ணனைச் சொற்களைப் பயன்படுத்துக' என்று மட்டும் கட்டளை போடாதீர்கள்; அந்தக் கட்டளைக்குப் பிறந்த வாக்கியங்களைத் திருத்தித் திருத்தி எனக்கு வெறுத்துவிட்டது.

நிறம் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். இந்தக் கதைகளில் வெண்மை நல்லவர்களுக்கும் கறுப்பு பொல்லாதவர்களுக்கும் போய்ச் சேர்வது அடிக்கடி நடக்கிறது. நம் தமிழாக்கங்கள் பால் போன்ற மேனி என்று அதை இன்னும் ஒரு படி ஏற்றிவிடுகின்றன. மாநிறமான ஒரு குழந்தை அந்த வரியைத் தன் நோட்டில் அழகாக எழுதும்போது நாம் சும்மா இருக்கக்கூடாது. சங்கப் பாடல்களில் பெண்ணின் மாந்தளிர் நிறத்தை மாமை என்று புகழ்ந்திருக்கிறார்கள், திருமாலைக் கார்மேக வண்ணன் என்று பாடியிருக்கிறார்கள். அவள் எழுதும் இளவரசி மாந்தளிர் நிறத்தில் இருக்கட்டும். 'கொடிய சித்தி' என்பதும் அப்படியே. வகுப்பில் சித்தியிடம் வளரும் பிள்ளை ஒன்று எப்போதும் இருக்கும்.

இதனால் மதிப்பெண் கூடுமா என்று கேட்டால் உறுதி சொல்ல முடியாது. தேர்வில் பொருள் எழுதச் சொன்னால், பொருளை மனப்பாடம் செய்த பிள்ளையே வெல்லும். ஆகவே தேர்வுக்கு முந்தைய நாள் மாலை அந்தத் தாளை எடுத்து அரைமணி நேரம் ஒப்பிக்க வையுங்கள், அதில் குற்றம் ஒன்றுமில்லை. இன்னொன்று: அவள் வாயால் கதையை நன்றாகச் சொல்லி, எழுத்தில் மட்டும் திணறினால், எழுத்துக்களை மாற்றிப் போட்டு எழுதினால், அது சொல்வளம் சம்பந்தப்பட்ட சிக்கலாக இல்லாமலும் இருக்கலாம். அதை எழுதி அனுப்பிய விவரத்தை வைத்து நான் முடிவு சொல்லக்கூடாது. கற்றல் குறைபாடுகளைச் சோதிக்கப் பயிற்சி பெற்ற ஒருவரிடம் காட்டுங்கள்.

எந்தக் கதையில் தொடங்குவது என்றால், தவளை இளவரசனையே சொல்வேன். கிரிம் தொகுப்பில் அரசகுமாரி தவளைக்கு முத்தம் கொடுப்பதில்லை; கோபத்தில் தூக்கிச் சுவரில் அடிக்கிறாள், அப்போதுதான் அது இளவரசனாக மாறுகிறது. பிள்ளைகளுக்கு இந்த முடிவு மிகவும் பிடிக்கும். தவளை அரசகுமாரியின் தட்டிலிருந்து சாப்பிடும் இடத்தில் நிறுத்தி, 'அருவருப்பான' என்ற சொல்லைப் பயன்படுத்தாமல் அந்தத் தவளையை எழுதச் சொல்லுங்கள். நனைந்த கால், மேசைவிரிப்பில் பட்ட ஈரம், தொண்டைக்குள் இறங்காத சோறு என்று எதையாவது உங்கள் மகள் எழுதுவாள். வந்ததை இங்கே பதியுங்கள், எந்த இடத்தைத் தொடலாம், எதைத் தொடாமல் விடலாம் என்று பார்த்துச் சொல்கிறேன்.